வீட்டில் பழைய படம் பார்த்தால் வரும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி என்றால் ஒரு பழைய தமிழ்ப் படம் ஓடும். மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா, எப்போதாவது காட்பாடியிலிருந்து வரும் என் தம்பி, இவ்வளவுதான் கூட்டம். வீட்டுக்காரர் பெரும்பாலும் டைட்டிலோடு தூங்கிவிடுவார். படம் முடிந்ததும் பேச்சு ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை இட்லி வரை போகும். இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பழைய படம் என்றால் எந்த வருஷம் வரை?

எங்கள் வீட்டில் 1990-க்கு முன்னால் வந்தது பழையது. என் மகளைக் கேட்டால் அவள் பிறப்பதற்கு முன் வந்த எல்லாமே பழசு. மாமனாருக்கோ 1977-க்கு அப்புறம் வந்தது எல்லாம் புதுப் படம், ஏனென்றால் எம்.ஜி.ஆர். நடிப்பை விட்டு முதலமைச்சரானது அந்த வருஷம். அவரவர் கணக்கு அவரவருக்கு.

இதுவரை பார்த்ததே இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

"பழைய படம் பார்க்கிறேன்" என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கனமான ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அரை மணியில் போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது 1964-ல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. கலர் படம், எஸ்டேட், கார், பாட்டு என்று இளசுகள் முகம் சுளிக்காமல் பார்க்கலாம்.

அதில் நாகேஷ் சினிமா எடுக்கிறேன் என்று 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' நடத்திக்கொண்டிருப்பார். அப்பா டி.எஸ். பாலையாவுக்கு ஒரு பேய்க்கதை சொல்வார். அந்தக் காட்சியை ஒருமுறை சிரித்துவிட்டு, இரண்டாம் முறை பாலையாவை மட்டும் பாருங்கள். கதவு கிறீச்சிடுவது, காற்று, காலடி எல்லாம் நாகேஷின் வாயிலிருந்துதான் வருகிறது. ஆனால் நமக்குப் பயம் வருவது பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான். முதலில் பணக்கார அப்பாவின் அலட்சியம், அப்புறம் கொஞ்சம் ஆர்வம், பிறகு கண் விரிகிறது, கடைசியில் வேர்க்கிறது. பேசுகிறவரைவிடக் கேட்கிறவர் நடிப்பது கஷ்டம். அதைப் பாலையா அங்கே செய்து காட்டுகிறார். என் மகள் அந்த இடத்தை மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம் பழைய படம் என்றால் அவள் முனகுவதில்லை.

டிவியில் எல்லார் முகமும் உப்பிப்போய்த் தெரிகிறதே?

முகம் உப்பவில்லை, படத்தை டிவி இழுத்துவிட்டது. அந்தக் காலத்துப் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம்: அகலம் 4 என்றால் உயரம் 3. இப்போதைய டிவி 16-க்கு 9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் ஏதோ குறை என்று நினைத்து நாமே ரிமோட்டில் 'ஃபுல்' என்று வைத்துவிடுகிறோம். பத்மினி அகலமாகிவிடுகிறார், சாவித்திரி குள்ளமாகிவிடுகிறார். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்தில் 4:3 அல்லது ஒரிஜினல் என்று வையுங்கள்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படம் 1973-ல் வந்த 'ராஜ ராஜ சோழன்'. அதற்கு முந்தைய படம் எதுவும் திரையை முழுசாக நிரப்பக் கூடாது. நிரப்பினால் ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள். வெட்டின பிரதியில் நாட்டியக் காட்சி பார்ப்பது வீண். பாதம் தெரியாது.

நாம் பார்ப்பது முழுப் படம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆரம்பத்தில் வரும் சென்சார் சான்றிதழை அப்படியே நிறுத்திப் படியுங்கள். எத்தனை ரீல், எத்தனை அடி என்று போட்டிருக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,000 அடி என்று இருந்தால் மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் குறைவு. நீங்கள் பார்க்கும் பிரதி இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்தால், யாரோ முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிட்டார்கள். பெரும்பாலும் பாட்டும் காமெடியும் போயிருக்கும். "கதை திடீர்னு தாவுது, டைரக்டருக்கு எடுக்கத் தெரியல" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அடித்து விடுகிறார்களே, அதைப் பார்க்கலாமா?

தெலுங்கு 'மாயா பஜார்' 2010-ல் அப்படி வந்தது. குழந்தைகள் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது வரை சந்தோஷம். எனக்கு மூலம்தான் பிடிக்கும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துத்தான் மாயம் பண்ணியிருக்கிறார். அதன் மேல் ஊதாவும் மஞ்சளும் பூசினால் கண் துணியின் பக்கம் போய்விடுகிறது.

கலர் அடிப்பது வேறு, பழைய பிரதியைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்குவது வேறு. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் அப்படிப் புதுப்பித்துத் தியேட்டருக்கு வந்தபோது நன்றாகவே ஓடியது. சுத்தம் செய்த பிரதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள்.

தமிழில் பார்ப்பதா தெலுங்கிலா?

'மாயா பஜார்' விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் முடியாத வழக்கு இது. வேலூரிலிருந்து சித்தூர் எட்டும் தூரம்தான், இரண்டு மொழியும் புழங்கும் தெரு எங்களுடையது. 1957-ல் கே.வி. ரெட்டி இரண்டு மொழியிலும் எடுத்தார். கிருஷ்ணன் இரண்டிலும் என்.டி.ஆர்., கடோத்கஜன் இரண்டிலும் எஸ்.வி. ரங்காராவ், கதாநாயகி இரண்டிலும் சாவித்திரி. அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். துரியோதனன் மகனாகத் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குதான் உசத்தி என்பார். 'கல்யாண சமையல் சாதம்' திருச்சி லோகநாதன் குரலில் கேட்டு வளர்ந்த என் மாமியாரோ அசைந்து கொடுக்க மாட்டார். "லட்டு தானா பறந்து வாயில வுழுவுது பாரு, அதுக்கு இன்னா மொழி வேணும்?" என்று ஒருநாள் அவரே சொன்னார், ஆனால் வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

என் கட்சி சாவித்திரி. கடோத்கஜன் பெண் வேஷத்தில் அரண்மனைக்குள் போகிறான் என்பது கதை. அப்போது சாவித்திரி நடிக்க வேண்டியது ஒரு பெண்ணை அல்ல, பெண்ணாக மாறியிருக்கும் ரங்காராவை. நடையில் ஒரு முரட்டுத்தனம், யாரும் பார்க்காதபோது நிமிரும் தோள், யாராவது பார்த்ததும் சட்டென்று வரும் நளினம். இதற்கு எந்த மொழியில் பார்த்தாலும் சரி.

பாட்டை எல்லாம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாமா?

ஓட்டலாம், ஆனால் எதை ஓட்டுகிறோம் என்று தெரிந்து ஓட்டவேண்டும். நாற்பதுகளின் படங்களில் பாட்டு மேல் பாட்டாக வரும். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டதற்குக் காரணமே தியாகராஜ பாகவதரின் பாட்டுத்தான், அதில் பாட்டை எடுத்துவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? அறுபதுகளில் வரும் சில கிளப் நடனங்களை நான் கூச்சமே இல்லாமல் ஓட்டிவிடுவேன்.

ஆனால் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் 'சொன்னது நீதானா' வந்தால் ரிமோட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். 1962-ல் ஸ்ரீதர் ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்த படம், கதை முழுக்க ஒரே மருத்துவமனை. புற்றுநோய்க்காரக் கணவனை மனைவி அழைத்து வருகிறாள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் அவளுடைய பழைய காதலன். நான் செத்தால் நீ அவரைக் கட்டிக்கொள் என்கிறான் கணவன். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் இந்தப் பாட்டு. பாட்டு இல்லையென்றால் பதிலே இல்லை. அவ்வளவு சின்ன அறையில் ஒளிப்பதிவாளர் வின்சென்டின் கேமரா கட்டிலுக்கு அடியிலும் நுழைந்து வருகிறது. வெளியே போக வழியில்லாத மூன்று பேர் நடுவில் நம்மையும் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது.

சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர் இது. எக்ஸ்ரே கவரும் கையுமாக ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்களை ஆற்காடு ரோட்டில் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, அந்தப் படம் ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை.

பாட்டே இல்லாத பழைய படம் உண்டா?

உண்டு. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. தமிழில் பாட்டில்லாமல் வந்த முதல் படம்.

அதன் முடிவைச் சொல்லலாமா? எழுபது வருஷம் ஆகிவிட்டதே?

கூடாது. படம் பழசாகியிருக்கலாம், இன்றைக்குப் பார்க்க உட்காருகிறவருக்குக் கொலையாளி யார் என்பது புதுசுதான். 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம், ஒரு ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டுச் சாகிறார். படம் ஆரம்பித்த சில நொடிகளிலேயே சிவாஜி செத்துவிடுகிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகச் சொல்லும் கதையில் அவர் திரும்பத் திரும்ப உயிரோடு வருகிறார். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். வெளியானபோது அது பெரிதாக ஓடவில்லை. முக்கால் படத்தில் "எனக்குத் தெரியும், யாருன்னு சொல்லட்டா?" என்று ஆரம்பித்த என் தம்பியை அன்றைக்கு மொட்டை மாடிக்கு அனுப்பினோம்.

ஏன் எல்லாரும் மேடையில் பேசுவது போலப் பேசுகிறார்கள்?

மேடையிலிருந்துதானே வந்தார்கள்! சிவாஜி, எம்.ஜி.ஆர்., எம்.ஆர். ராதா, பாலையா எல்லாரும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. ஸ்டுடியோவிலும் நடிக்கும்போதே வசனத்தைப் பதிவு செய்தார்கள், முணுமுணுத்தால் விழாது. கதைகளும் அப்படியே. 'பராசக்தி' ஒரு நாடகம், 'இரத்தக்கண்ணீர்' ஒரு நாடகம்.

'பராசக்தி'க்கு எங்கள் ஊரோடு ஒரு பந்தம் உண்டு. அதைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். ஒல்லியாக இருந்த புதுப் பையனை வைத்து எடுக்க வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, கணேசன்தான் நடிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அதன் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் சிவாஜி வேலூர் வந்து அவருக்கு மரியாதை செய்துவிட்டுப் போவதை வழக்கமாக வைத்திருந்தார். கார் வந்தால் தெருவே திரண்டுவிடும் என்று மாமனார் சொல்வார். அவர் எம்.ஜி.ஆர். கட்சி, ஆனாலும் போய் நின்றிருக்கிறார்.

சரி, வசனத்துக்கு வருவோம். கோர்ட் காட்சியில் கருணாநிதியின் வசனத்தைக் 'கத்தல்' என்று என் மகள் ஒதுக்கியபோது, படத்தை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். சிவாஜி எந்த வாக்கியத்தையும் ஒரே சுருதியில் சொல்வதில்லை. கேள்வியில் ஏறுகிறார், பதிலில் இறங்குகிறார், மூச்சு எடுக்கும் இடத்தைக்கூடத் தாளத்தில் வைத்திருக்கிறார். பிடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், போதும்.

எம்.ஜி.ஆர். படத்தைக் குறை சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது. என்ன செய்வது?

வரத்தான் செய்யும். மாமனாருக்கு எதிரில் "எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது" என்று தம்பி சொல்லிவிட்டு ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்புறம் நான் 'எங்க வீட்டுப் பிள்ளை' போட்டேன். 1965-ல் சாணக்யா இயக்கியது, என்.டி.ஆர். நடித்த தெலுங்குப் படத்தின் மறுபதிப்பு. அக்காள் புருஷன் நம்பியாரின் சாட்டைக்கு நடுங்கும் ராமு, எதற்கும் அஞ்சாத இளங்கோ என்று எம்.ஜி.ஆருக்கு இரண்டு வேஷம். எல்லாரும் 'நான் ஆணையிட்டால்' பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். நான் தம்பியைப் பார்க்கச் சொன்னது ராமுவை. அத்தனை படத்தில் நிமிர்ந்து நின்ற மனிதர், அதில் தோளைச் சுருக்கிக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அந்தக் கூச்சம் இருப்பதால்தான் பின்னால் இளங்கோ சாட்டையைப் பிடுங்கும்போது தியேட்டர் அதிர்ந்தது.

"நடிக்கத் தெரியாது" என்பதைத் தம்பி "அழுகைக் காட்சியில் முகத்தை மூடிக்கொண்டுவிடுகிறார்" என்று மாற்றிச் சொன்னான். மாமனாரும் "அது கரெக்டு" என்றார். நான் கவனித்தவரை, நடிகரைப் பற்றிச் சொன்னால் சண்டை வருகிறது. காட்சியைக் காட்டிச் சொன்னால் எதிராளியும் திரையைத் திரும்பிப் பார்க்கிறார். இது சிவாஜி ரசிகர்களுக்கும் பொருந்தும், அவர்கள் இன்னும் கொஞ்சம் கோபக்காரர்கள்.

மனைவியை அடிப்பது, பெண்ணுக்குப் புத்தி சொல்வது எல்லாம் வருகிறதே. பிள்ளைகளோடு எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' சக்கைப்போடு போட்ட படம். 'என்னடி ராக்கம்மா' பாட்டு இப்போதும் கல்யாண வீட்டில் ஒலிக்கும். அதில் சிவாஜி கிராமத்துப் பெரிய மனிதர், ஜெயலலிதா லண்டனில் படித்துவிட்டு வந்த மனைவி. அவள் திமிரை அடக்கி வழிக்குக் கொண்டுவருவதுதான் கதை, அதற்குச் சாட்டையும் உண்டு. நாங்கள் பார்த்தபோது மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார், மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பேசினோம். "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்றார் மாமனார். எனக்கு இந்தப் பதில் எப்போதும் உறுத்தும். அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி யோசித்தவர்கள் இருந்தார்களே. ஆறே வருஷம் கழித்து, 1978-ல், ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வந்தது. ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சு யாருக்கும் அடங்கிப் போவதில்லை, படமும் அவளை அடக்கச் சொல்வதில்லை. அடுத்த வாரம் அதைப் போட்டேன். மாமியார் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு சொல்றதுல தப்பு இன்னா கீது? கேக்கத்தான் ஆளில்ல" என்றார். முந்தின வாரம் சிரித்தவரும் அவர்தான்.

ஆகவே அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டுக் காட்ட நான் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் படத்தையே வேறொரு நாளைக்குத் தள்ளிப்போடுங்கள். வளர்ந்தவர்களோடு பார்த்தால் பேசுங்கள். நன்றாக எடுத்த படம் தப்பான விஷயத்தையும் ரசிக்கும்படி சொல்லிவிடும். அதைச் சொல்லத் தெரிவதும் ரசனைதான்.

பெரியவர்கள் கொண்டாடும் படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா?

தாராளமாக. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) எனக்கு முக்கால்வாசி அலுப்பு. இரண்டு இளவரசர்கள், ஒரு பெண், நடுவில் எங்கிருந்தோ ஒரு சர்க்கஸ் வந்து நெடுநேரம் ஓடுகிறது. ஆனால் அந்த முரசு நடனம்! அரண்மனை முற்றம் நிறைய ராட்சச முரசுகள், ஒவ்வொன்றின் மேலும் ஆடும் பெண்கள், ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் கொட்டுவார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அத்தனை பேரையும் நிஜமாக நிறுத்தி எடுத்தது. அந்த ஒரு இடத்துக்காகப் படத்தை மன்னிக்கலாம் என்பது என் கட்சி. மன்னிக்கவே வேண்டாம், அதுவே படம் என்பது மாமனார் கட்சி.

மெதுவாகப் போகிற படத்தில் தூக்கம் வருகிறதே?

சாப்பிட்ட உடனே போட்டால் எந்தப் படத்திலும் வரும். அதுவும் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு டைரக்டர் மகேந்திரன் படம் பார்க்கவே கூடாது.

அவருடைய 'உதிரிப்பூக்கள்' 1979-ல் வந்தது, புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை ஒட்டி எடுத்தது. பேச்சு குறைவு, அடிதடி கிடையாது. ஊருக்கே நல்லவனாகத் தெரியாத, ஆனால் யாரும் எதிர்க்காத ஒருவன், நோயாளி மனைவி, இரண்டு குழந்தைகள். மத்தியானம் பார்த்தபோது எனக்கும் கண் சொக்கியது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, போன்களை அலமாரியில் போட்டுவிட்டுப் பார்த்தபோது வேறு படமாக இருந்தது. அந்தக் கணவனாக வரும் விஜயன் குரலை உயர்த்தாமலேயே நம்மை நடுங்க வைக்கிறார்.

அதற்கு முந்தைய வருஷத்து 'முள்ளும் மலரும்' இன்னும் சுலபமாக உள்ளே இழுக்கும். ரஜினிக்காக உட்காருகிறவர்கள், சாப்பாட்டுப் பிரியையான மங்காவாக வரும் படாபட் ஜெயலட்சுமியைப் பேசிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

பாதியில் தூங்கிவிட்டேன். கருத்துச் சொல்லலாமா?

பார்த்த பாதிக்குச் சொல்லலாம். எங்கள் வீட்டுக்காரர் டைட்டில் இசையைப் பற்றி மட்டும் பேசுவார்.

படத்தைப் பற்றி என்ன சொல்வது என்றே தெரியவில்லை. "நல்லா இருந்தது" என்பதைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது.

"நல்லா இருந்தது", "சூப்பர்", "அந்தக் காலத்துப் படம்னா அது படம்" எல்லாம் அடுத்தவருக்கு எதுவும் தராது. இதே கணக்கில் "ஓவர் ஆக்டிங்", "மொக்கை" இரண்டும் சேரும். படம் முடிந்தவுடன் எது கண்ணில் நிற்கிறதோ அதை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒரு முகம், ஒரு வசனம், ஒரு எரிச்சல், எது வேண்டுமானாலும்.

எங்கள் வீட்டில் நான் கேட்டதிலேயே நல்ல விமர்சனம் மாமியாருடையது. அவர் எட்டாவதோடு நின்றவர். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' முடிந்து எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் தியாகி, கணவன் தங்கம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "புருஷன்காரன் நல்லவன்தான். ஆனா எனக்கப்புறம் இவரைக் கட்டிக்கன்றானே, உனக்கு இன்னா வேணும்னு அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டானா? பத்திரம் மாத்தி எழுதற மாதிரி எழுதறான்" என்றார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அறுபது வருஷமாக எல்லாரும் அழுத காட்சி. அதில் ஒரு ஓரத்தை அவர் தூக்கிக் காட்டிவிட்டார். அதற்காக அவர் அந்தப் படத்தை வெறுக்கவும் இல்லை, அடுத்த மாதமும் போடச் சொன்னார்.

படத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாமா?

'மாயா பஜார்' படத்துக்குப் பேசலாம். 'அந்த நாள்' படத்துக்குக் கூடாது.

எல்லாப் பழைய படமும் தேடினால் கிடைக்குமா?

கிடைக்காது. முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படச்சுருளே இப்போது இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சீக்கிரம் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காதவை பெட்டிக்குள்ளேயே மக்கிப்போயின. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். ஆகவே நாற்பதுகளின் படம் ஒன்று கோடும் கீறலுமாகக் கிடைத்தாலும் பார்த்துவிடுங்கள்.

மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்துப் பார்த்தால் எப்படி?

சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் வீட்டுக்குள் உட்கார முடியாது என்பதால் நாங்களும் செய்கிறோம். ஏழரைக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள், வெளிச்சம் போகாது, தளமும் சுடும். சாயங்காலமே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வேட்டியைத் திரையாகக் கட்டினால் கீழ் இரண்டு மூலையிலும் செங்கல் கட்டவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் கதாநாயகி நெளிவார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நல்ல இருட்டு வேண்டும், எதிர்வீட்டு மாடி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அவர்களையும் கூப்பிட்டுவிட்டால் தாங்களே அணைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பழைய படங்களின் ஒலி கரகரப்பாக இருக்கும், சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் கூடும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் உட்காருகிறவர்களுக்கு நடுவில் வையுங்கள். கொசுவத்தி மறக்கவேண்டாம். மூன்று மணி நேரப் படம் என்றால் இடைவேளை விட்டே ஆகவேண்டும், அதற்குள் யாராவது ஒருவர் கீழே போய் டீ போட்டு எடுத்துவரட்டும். எங்கள் வீட்டில் அது தம்பியின் வேலை.